முள் பாதத்தில், வலி தொடையிடுக்கில்

கெங்குவார்பட்டிப் பக்கம் நடவுக்கு இறங்கியவரின் குதிகாலில் முள் ஏறினால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வலி இடம் மாறிவிடும். பாதத்தை மறந்துவிட்டுத் தொடையிடுக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பார். "நெறி கட்டிருச்சு" என்பார். வீட்டில் யாராவது எண்ணெய் தொட்டு நீவிவிட வருவார்கள். புண் கீழே இருக்க, கட்டி மட்டும் மேலே போய் முளைப்பது ஏன்?

காரணம் நிணநீர். மஞ்சளாற்றுத் தண்ணீர் பாயும் வயலுக்கு வாய்க்கால் மட்டும் போதாது, வடிகாலும் வேண்டும். உடம்பில் அந்த வடிகால் வேலையைச் செய்வது நிணநீர் நாளங்கள்தான். தலைமுடியை விட மெல்லிய இரத்தத் தந்துகிகளின் சுவர் வழியாக நீரும் உப்பும் சத்தும் கொஞ்சம் புரதமும் எந்நேரமும் வெளியே கசிகின்றன. செல்கள் உண்பது இந்தக் கசிவைத்தான். கசிந்ததெல்லாம் அப்படியே இரத்தக் குழாய்க்குள் திரும்பிவிடுவதில்லை. குறிப்பாகப் புரதம் திரும்பாது. மிஞ்சும் அந்தத் திரவம் நிணநாளத்துக்குள் புகுந்ததும் அதற்கு நிணநீர் என்று பெயர். நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை இப்படி இரத்தத்துக்குத் திரும்புகிறது. நம் உடம்பிலுள்ள இரத்தத்தின் நீர்ப்பகுதியே 3 லிட்டர் அளவுதான். அப்படியானால் இந்த வடிகால் ஒரு நாள் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நிணநாளத்தின் நுனி மூடியிருக்கும். அதன் சுவரில் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு படிய அமைந்திருக்கின்றன. வெளியே திரவம் கூடி அழுத்தும்போது விளிம்பு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே போனது வெளியே வர முயன்றால் மூடிக்கொள்கிறது. இதற்கு மேல் வரும் சிக்கல்தான் சுவையானது. இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது, நிணநீருக்கு அப்படி எதுவும் இல்லை. பாதத்திலிருந்து கழுத்துவரை அது எப்படி ஏறும்? சில மில்லிமீட்டருக்கு ஒரு வால்வு. இரண்டு வால்வுகளுக்கு நடுவிலுள்ள நாளத் துண்டு தானாகச் சுருங்கி மேல் துண்டுக்குத் தள்ளிவிடுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிகிறது, மூச்சு இழுக்கும்போது மார்பு உறிஞ்சுகிறது. சும்மா படுத்திருப்பவருக்கு, உடம்பின் மிகப் பெரிய நிணநாளமான மார்பு நிணநாளத்தில் மணிக்குச் சுமார் 100 மில்லிலிட்டர் ஓடும். எழுந்து நடந்தால் பல மடங்கு கூடும்.

இரண்டு கால், வயிறு, இடக்கை, தலையின் இடப்பக்கம் எல்லாவற்றின் நிணநீரும் கடைசியில் இடது காறையெலும்புக்குப் பின்னால் சிரையில் கொட்டுகிறது. வலக்கை, வலது மார்பு, தலையின் வலப்பக்கம் மட்டும் வலதுபுறம். இயற்கை ஏன் இப்படி ஓரவஞ்சனை செய்தது என்று கேட்கத் தோன்றும். கருவில் இரண்டு பக்கமும் நாளங்கள் உருவாகி, பிறகு கழுத்தருகே இடப்பக்கத்து நாளமே பெரிதாக நிலைக்கிறது.

ஆனால் பாதத்தில் புகுந்த கிருமியை நேராக இரத்தத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் ஆபத்தல்லவா? அதனால்தான் வழியில் நிணநீர் முடிச்சுகள். உடம்பு முழுக்கச் சுமார் 600. காலுக்குரிய முக்கியமான கூட்டம் தொடையிடுக்கில், கைக்கு அக்குளில், வாய்க்கும் தொண்டைக்கும் கழுத்தில். முடிச்சுக்குள் பல நாளங்கள் நுழையும், ஒன்றிரண்டே வெளியேறும். ஓட்டம் அங்கே மந்தமாகிறது. ஓரங்களில் காத்திருக்கும் விழுங்கணுக்கள் கிருமியைப் பிடித்துத் தின்கின்றன. அதன் துண்டுகளைப் பார்த்து, அதற்கென்றே பொருந்தும் வெள்ளணுக்கள் மளமளவென்று பெருகுகின்றன. அந்தப் பெருக்கம்தான் நெறி. அதை நீவிக் கரைக்க முடியாது, கரைக்கவும் தேவையில்லை. கவனிக்க வேண்டியது முள் குத்திய இடத்தை. புண் ஆறினால் நெறி தானே வடியும்.

வடியாத முடிச்சு வேறு கதை. வலியே இல்லாமல் கழுத்தில் வாரக்கணக்கில் நின்றால் காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். கண்டமாலை என்று நம்மூரில் சொன்னது பெரும்பாலும் முந்தியதைத்தான். யானைக்கால் நோயில் கோளாறு நாளத்திலேயே இருக்கிறது. கொசு மூலம் வந்த புழுக்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே குடியிருந்து வால்வுகளைக் கெடுத்துவிடுகின்றன.

மலையடிவாரத்தில் வயலும் தோப்புமாக இருக்கும் இந்த ஊருக்கு, இதில் உடனே பயன்படும் பாடம் பாம்புக்கடியில் இருக்கிறது. விரியன் நஞ்சிலுள்ள பெரிய புரதங்கள் நேராக இரத்தக் குழாய்க்குள் புக முடியாமல் நிணநாளம் வழியாகத்தான் பயணிக்கின்றன. கால் கடிக்குப் பின் தொடையிடுக்கு வலித்து வீங்குவது, நஞ்சு ஏறியதற்கான அடையாளங்களில் ஒன்று. கடிபட்டவர் ஓடினால் கெண்டைக்கால் தசை அந்த நஞ்சைப் பிழிந்து மேலே அனுப்பும். கயிறு கட்டி இறுக்கினாலோ நஞ்சு தேங்கி, இரத்த ஓட்டமும் நின்று, கால் அழுகவும் கூடும்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்துதான். 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு அதன் தயாரிப்புக்குப் போகிறது. நான்குக்கும் மருந்து ஒன்றே என்பதால், எந்தப் பாம்பு என்று தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். கடித்த காலில் கட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள், இறுக்க வேண்டாம். அவரை நடக்கவிடாமல் தூக்கிப் போங்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ நேராகக் கொண்டு சேருங்கள்.