முன் டயர் ஓரமாகத் தேய்கிறதா? டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்!

டிராக்டருக்குப் புது முன் டயர் போட்டு ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் வெளி ஓரம் வழுக்கையாகிவிடும். உள்பக்கம் அப்படியே புதிதாக இருக்கும். ‘டயர் சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு அடுத்த ஜோடியை வாங்கி மாட்டினால், அதுவும் அதே ஓரத்தில்தான் தேயும். பல வீடுகளில் நடக்கிற கதை இது. கோளாறு டயரில் இல்லை. இரண்டு முன் சக்கரங்களும் பார்க்கிற திசையில் இருக்கிறது.

டூ வீல் டிரைவ் டிராக்டரில் முன் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் துளி உள்வாங்கியிருக்க வேண்டும். இதை ‘டோ-இன்’ என்பார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இது சில மில்லிமீட்டர்தான். சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு அளவு மாறும் என்பதால், பக்கத்து வீட்டு வண்டியின் கணக்கை இதற்குப் போடக் கூடாது.

சில மில்லிமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடும்? 73 சென்டிமீட்டர் உயரமுள்ள டயரில் வித்தியாசம் 15 மில்லிமீட்டர் இருந்தால், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்குச் சுமார் 10 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சேற்றிலும் உழவிலும் இது தெரியாது. டிரெய்லரை மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் ஓடும்போதுதான் ரப்பர் கரையும். ஸ்டீயரிங்கும் ஒரு பக்கம் இழுக்கும். லோடு வண்டிக்கு அது ஆபத்து.

கையால் தடவியே ஓரளவு கண்டுபிடிக்கலாம். டயரின் வரிகளைக் குறுக்காகத் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும், மறுபக்கம் ரம்பம் போலவும் பிசிறு தட்டும். பிசிறு உள்பக்கம் பார்த்து, வெளி ஓரமும் தேய்ந்திருந்தால் சக்கரம் அதிகமாக உள்வாங்கியிருக்கிறது. உள் ஓரம் தேய்ந்தால் வெளியே விரிந்திருக்கிறது.

அளப்பதற்கு முன்

இரண்டு டயரிலும் காற்று சமமாக இருக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொடத்தால் பேரிங் அல்லது கிங்பின் புஷ் போயிருக்கிறது. இடமும் வலமும் ஆடினால் டை ராடின் பால் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தை நிறுத்தாமல் அளவு வைப்பது வீண் வேலை. ஒரு வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிடும்.

பிறகு கட்டையை எடுத்து வண்டியை இறக்கி, களம் போன்ற சமமான சிமென்ட் தரையில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து நிறுத்த வேண்டும். ஹப் உயரத்தில், இரண்டு டயரின் முன்பக்க நடு வரியிலும் சாக்பீஸால் குறி போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் டேப்பைப் பிடித்து இடைவெளியை அளக்கவும். அந்தக் குறி பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும் வரை வண்டியை முன்னே நகர்த்தி மறுபடி அளக்கவும். பின்னே தள்ளி அளந்தால் கணக்கு தப்பும். இன்ஜின் அடிப்பாகம் டேப்பை மறித்தால், கொத்தனாரின் தூக்குக்குண்டைக் குறியிலிருந்து தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்து அளக்கலாம். முன் அளவு, பின் அளவைவிட எவ்வளவு குறைகிறதோ அதுதான் டோ-இன்.

திருத்துவது டை ராடில். லாக் நட்டுகளைத் தளர்த்தி ராடைத் திருக வேண்டும். ஒரு முனையில் மரை தலைகீழாக இருக்கும் என்பதால், நட் வரவில்லையே என்று சுத்தியால் அடித்துவிடாதீர்கள். ராடு அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில், நீளத்தைக் கூட்டினால் டோ-இன் கூடும். இடமும் வலமும் தனித்தனி ராடு உள்ள வண்டியில் இரண்டையும் ஒரே அளவு திருக வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் நன்றாக ஒடியும், மறுபக்கம் ஒடியாது. கால் சுற்று திருகி, வண்டியைச் சில அடி முன்னே ஓட்டி, மறுபடி அளக்க வேண்டும். சரியானதும் லாக் நட்டை இறுக்க மறந்துவிடக் கூடாது.

வரப்பிலோ கல்லிலோ மோதி வளைந்த ராடைக் காய்ச்சி நிமிர்த்துவது சில பட்டறைகளில் வழக்கம். அது எப்போது ஒடியும் என்று சொல்ல முடியாது, மாற்றிவிடுவதே நல்லது. பயிர் வரிசைக்காக முன் சக்கர அகலத்தைக் கூட்டிக் குறைப்பவர்கள், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் டேப்பை எடுக்க வேண்டும்.