நூலக நோட்டீஸ் அடிக்கும் முன்

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நம் கரையோர நூலகங்களில் பெனர் கட்டுவார்கள், நோட்டீஸ் அடிப்பார்கள். பெரும்பாலானவற்றில் அதிதிகளின் படங்கள்தான் பெரிதாகத் தெரியும். நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது அடியில் பொடி எழுத்தில் கிடக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது.

சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது. நோட்டீஸுக்கும் இதுவே அளவுகோல். இதுவரை அங்கத்தவராகாத ஒரு தாய்க்குத் தெரியவேண்டியது என்ன? காசு எவ்வளவு, பிணைக்கு யாருடைய கையொப்பம் வேண்டும், பிள்ளையின் பெயரிலும் புத்தகம் எடுக்கலாமா. இவற்றுக்குப் பதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். சாதாரண தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்கள் உங்கள் நூலகத்தில் இருந்தால் அதையே தலைப்பாகப் போடுங்கள். பிள்ளைகள் தேடிவருவார்கள்.

இனி அச்சகத்து வேலை. நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். தொலைபேசியில் நாம் தட்டுவது யுனிகோட். அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. பாமினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வரி முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யுனிகோடிலும் சிக்கல் உண்டு. போட்டோஷொப், இன்டிசைன் போன்றவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் ‘கெ’யின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். வேலை முடிந்ததும் எழுத்துகளை வடிவக்கோடுகளாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு எந்தக் கணினியிலும் எழுத்து குலையாது.

தமிழுக்கு வரியிடைவெளி தாராளமாக வேண்டும். மேலே புள்ளி, கீழே உகரத்தின் சுழி இரண்டும் இடம் கேட்கும். எழுத்தைச் சுற்றித் தடித்த கோடு போட்டால் புள்ளி அடைபட்டு மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகிவிடும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அவை சுருங்கி, அச்சில் மங்கும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஏ3 தாளில் தெளிவாக விழ 3508 × 4961 பிக்சல் வேண்டும். விளிம்புவரை நிறம் ஓடினால் நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள். வெட்டும்போது வெள்ளைக்கோடு விழாது. திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை தாளில் மங்கித்தான் வரும், எனவே நிறத்தை அச்சடித்தே பாருங்கள். நூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு மலிவு. ஆயிரக்கணக்கில் போனால் ஓப்செட்.

அடித்த நோட்டீஸை ஜும்ஆ முடிந்து வருபவர்களிடம் கொடுத்தால் அது ஆண்களின் கைக்குத்தான் போகும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் போய்ச்சேர, இரவல் போகும் ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு பக்கக்குறி வையுங்கள். அதில் நூலக நேரம் இருக்கட்டும். ஒரு ஏ4 அட்டையில் எட்டு வெட்டலாம்.

வாசகர் வட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஒக்டோபர் நோட்டீஸின் புரூஃபைத் தாளில் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே அச்சுக்கு விடுங்கள்.