செஞ்சிக் கோட்டைப் பாறையில் ஓடுவது வீட்டுப் பல்லியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ராஜகிரி மலை ஏறும்போது பாறை இடுக்கில் பல்லி ஓடினால், "நம்ம வீட்டுப் பல்லிதான்" என்று நடையைக் கட்டுவோம். சிலர் விஷம்னு பயந்து அடிச்சே போடுவாங்க. இந்தியாவில் எந்தப் பல்லிக்கும் விஷம் கிடையாது.

நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. ஒரே பல்லி பகலில் கருத்தும் இரவில் வெளிறியும் இருக்கும்.

முதலில் கண்ணைப் பாருங்க. வீட்டுப் பல்லியின் கண்மணி வெளிச்சத்தில் பூனைக்கு மாதிரி செங்குத்துக் கோடாகச் சுருங்கும். பகலில் நடமாடும் 'நெமாஸ்பிஸ்' பாறைப் பல்லிகளுக்கு அது வட்டம். விரலும் காட்டிக்கொடுக்கும்: வீட்டுப் பல்லிக்கு அடியில் அகலமான ஒட்டும் பட்டைகள் உண்டு, பாறைப் பல்லியின் விரல்கள் மெலிந்தவை.

வீட்டுப் பல்லிக்கும் அதன் நெருங்கிய சொந்தங்களுக்கும் இடையேதான் குழப்பம் அதிகம். சுவரில் சத்தமிடும் சாதாரண வீட்டுப் பல்லிக்கு முதுகு ஏறக்குறைய வழவழப்பு, வாலில் முள் வளையங்கள். முதுகு முழுக்க வரிசையாகப் பருக்கள் இருந்தா அது வேற இனம். வாலை மட்டும் நம்பக்கூடாது. அறுந்து மறுபடி வளர்ந்த வாலில் முள் இருக்காது.

இந்தக் கவனிப்பு வீண் வேலை இல்லை. வேலூர் கோட்டையிலிருந்து நெமாஸ்பிஸ் ஒட்டாய் என்ற புது இனத்தை இந்திரனீல் தாஸும் ஆரோன் பாயரும் 2000-ல்தான் விவரித்தார்கள். வீட்டுப் பல்லி உலகெங்கும் பரவியது. பாறைப் பல்லிகளில் சில இனங்களுக்கு ஒன்றிரண்டு குன்றுகளே மொத்த உலகம்.

பிடிக்க வேண்டாம். கண், விரல், முதுகு தெரிய போனில் படம் எடுத்தா போதும்.