நுரையீரலில் கோத்த நீர்

காலில் பட்ட சிறு புண்ணோ, அலட்சியமாக விட்ட சிறுநீர்த் தொற்றோ உடலெங்கும் வியாபித்து, இரத்த அழுத்தம் விழுந்து, நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த மறுநாள், வைத்தியர் வெளியே வந்து "நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது" என்று சொல்லும்போது, அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் தைரியம் உறவினர் பலருக்கு வருவதில்லை.

அது நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து கசிந்த நீர். சுவாசகோசத்தின் கோடிக்கணக்கான காற்றறைகளையும் அவற்றைத் தழுவி ஓடும் இரத்தத் தந்துகிகளையும் பிரிப்பது, மெல்லிய இடங்களில் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கனமில்லாத திரைதான். பிராணவாயு கணப்பொழுதில் இரத்தத்தில் கலப்பதும் அதனாலேயே. கிருமியின் விஷத்தை உணர்ந்த காவல் அணுக்கள் சுரக்கும் ரசாயனங்களால் தூண்டப்பட்டு, தந்துகிகளில் வந்து சிக்கிக்கொள்ளும் வெள்ளையணுக்கள், கிருமியைக் கொல்ல வைத்திருந்த எலாஸ்டேஸ் முதலிய என்சைம்களைச் சுற்றிலும் உமிழ்கின்றன. தந்துகியின் உட்பூச்சு சிதைந்து, செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள பிணைப்பு நெகிழ்ந்து, புரதம் செறிந்த நீர் காற்றறைக்குள் புகுகிறது. அறை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் திரவத்தைச் சுரக்கும் செல்களும் மடிவதால், நீர் புகாத அறைகளும் சுருங்கிப்போகின்றன. ரட்சிக்க எழுந்த சக்தியே சங்காரம் செய்வது எத்தனை பரிதாபம்!

இந்தக் கசிவை நேரே அடைக்கும் மருந்து இன்னும் இல்லை. செயற்கைச் சுவாசம்கூட அளவு மீறினால் புண்பட்ட அறைகளை மேலும் கிழிக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும், உயரத்துக்கேற்ற எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டருக்குப் பதில் 6 மில்லிலிட்டர் காற்றே செலுத்தியபோது மரணம் நூற்றுக்கு ஏறத்தாழ 40-இலிருந்து 31-ஆகக் குறைந்ததை, 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

ஆகவே திரை கிழியுமுன் கிடைக்கும் சில மணி நேரமே பிரதானம். காய்ச்சலோடு, அல்லது முதியவரானால் காய்ச்சலே இல்லாமலும், நிமிஷத்துக்கு 22 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். இரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலை கண்ட ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏற வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். "மருந்து எத்தனை மணிக்கு ஏறியது?" என்று பணிவோடு கேளுங்கள், அது வைத்தியரை அவமதிப்பதாகாது. அபாய நிலையிலுள்ளவரைக் காப்பது எந்த வைத்தியருக்கும் கடமை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தாமதம் நேர்ந்ததாகச் சந்தேகம் இருந்தால், சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குவிதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் அது உங்கள் கைக்கு வர வேண்டும். முதல் ஊசி ஏறிய நேரம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் முதலில் வேண்டப்படுவது அந்தத் தாள்தான்.