விலை இறங்கும், செலவு இறங்காது

படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை என ஒரு வீட்டையே சுமந்துகொண்டு ஓடும் வண்டிதான் மோட்டார்ஹோம். பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று போகும் நம் குடும்பங்களில் சிலர், ஹோட்டல் அறைக்குப் பதிலாக இப்படியொரு வண்டியை வாடகைக்கு எடுப்பதுண்டு. பத்து நாள் ஓட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் ஆசையும் கூடவே வந்துவிடும்: நமக்கென்று சொந்தமாக ஒன்று இருந்தால் என்ன?

புதிய வண்டியின் விலையைக் கேட்டால் அந்த ஆசை அடங்கிவிடும். பழைய சொகுசு வண்டியின் விலையைக் கேட்டால் மறுபடியும் துளிர்க்கும். ஒரு காலத்தில் வீட்டு விலைக்கு விற்ற வண்டி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு கார் விலைக்குக் கிடைக்கிறதே!

கணக்கு உதைப்பது இங்கேதான். வயதாக ஆக வண்டியின் விலை இறங்கும். அதைப் பராமரிக்கும் செலவு இறங்காது. டயர், பிரேக், கூரை, குளிர்சாதனம் எல்லாவற்றுக்கும் இன்றைய விலையைத்தான் கொடுக்க வேண்டும். யானையைப் பாதி விலைக்கு வாங்கினாலும் அது பாதி வயிற்றுக்குச் சாப்பிடாது.

ஆனாலும் ஐம்பது வயதைத் தொட்ட மோட்டார்ஹோம்களை இன்றும் நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பணத்தைக் கொட்டுபவர்கள் அல்லர். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையைத் தெரிந்தவர்கள்.

அரை நூற்றாண்டு தாண்டிய வண்டி

அமெரிக்காவின் ஜிஎம்சி மோட்டார்ஹோம் இதற்கு நல்ல உதாரணம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரையிலான மாடல்களாக ஏறக்குறைய 13,000 வண்டிகளைத் தயாரித்தது. 23 அடி, 26 அடி என இரண்டு நீளம். லாரியின் அடிச்சட்டத்தில் பெட்டியைப் பொருத்துவதுதான் அப்போது பலரின் வழக்கம். இதை மட்டும் முழு வண்டியாகவே வடிவமைத்தார்கள். ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ காரின் வி8 இயந்திரம் முன்சக்கரங்களை இழுக்கும். பின்னால் சுழல்தண்டு போக வேண்டியதில்லை என்பதால் தரை தாழ்வாக இருக்கும். பின்பக்கம் பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றைத் தாங்குவது காற்றுப் பைகள்.

1978க்குப் பிறகு நிறுவனம் இதைக் கைவிட்டது. உரிமையாளர்கள் கைவிடவில்லை. உதிரிபாகங்களைச் செய்து விற்கும் சிறு பட்டறைகளும், ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் சங்கங்களும் உருவாயின. அந்த வண்டிகள் சொல்லித்தரும் பாடம் எந்தப் பழைய மோட்டார்ஹோமுக்கும் பொருந்தும்.

முதலில் மழை

மோட்டார்ஹோமைக் கொல்வது பெரும்பாலும் கிலோமீட்டர் அல்ல, தண்ணீர். கூரையில் காற்றுப்போக்கி, குளிர்சாதனம், ஏரியல் என்று எத்தனை துளைகள் இருக்கின்றனவோ அத்தனை இடத்திலும் நீர் நுழையலாம். துளையைச் சுற்றிப் பூசிய பசை வெயிலில் காய்ந்து வெடிக்கும். உள்ளே கறை தெரியும்போது சுவருக்குள் பலகை ஏற்கெனவே மக்கியிருக்கும்.

ஜிஎம்சியின் உடற்சட்டம் அலுமினியம், மக்காது. ஆனால் தரை ஒட்டுப்பலகை. ஜன்னல் ஓரம் கசியும் நீர் கடைசியில் அங்கேதான் போய்த் தேங்கும். ஆண்டுக்கு இரண்டு முறை கூரையில் ஏறிப் பார்த்து, வெடித்த இடத்தில் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவது அரைநாள் வேலை. அதைத் தள்ளிப்போட்டால் சுவரையே பிரிக்க வேண்டிவரும்.

அடுத்து, நிற்க வேண்டும்

ஓடுவதைவிட நிற்பது முக்கியம். மோட்டார்ஹோம் ஆண்டில் பாதி நாள் சும்மா நிற்கும். அதனால் டயரின் பள்ளம் தேயாமல் புதிது போலவே தெரியும். உள்ளே ரப்பர் வயதாகிக்கொண்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறேழு ஆண்டுகள் தாண்டிய டயரை, பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் கனமான வண்டியில் நம்பக் கூடாது.

ஜிஎம்சிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. அதன் சக்கரம் 16.5 அங்குலம், அந்த அளவு டயர் சந்தையில் அரிதாகிவிட்டது. பலர் 16 அங்குலச் சக்கரத்துக்கு மாறினார்கள். அழகுக்காகச் செய்த மாற்றம் இல்லை அது. நாளை டயர் கிடைக்க வேண்டுமே என்பதற்காகச் செய்தது. பழைய வண்டியில் நல்ல மேம்பாடு என்றால் இதுதான்.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. மலைப்பாதை இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, மிதித்த பிரேக் அடிவரை போய்விடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது மலிவான காப்புறுதி.

பிறகு, தீப்பிடிக்கக் கூடாது

எழுபதுகளில் செய்த ரப்பர் எரிபொருள் குழாய்கள் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை இளகி, வெடித்து, கசியும். பழைய வண்டி கைக்கு வந்ததும், இயந்திரம் நன்றாக ஓடினாலும், இந்தக் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடுவது நல்லது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் கசிவு உணர்கருவி தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு உணர்கருவி தனி. ஜெனரேட்டர் ஓடும்போது உள்ளே தூங்குபவர்களைக் காப்பாற்றுவது அதுதான். இரண்டுமே சில ஆண்டுகளில் செயலிழக்கும். காலாவதித் தேதி பெரும்பாலும் கருவியின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். பச்சை விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாமல் கழற்றித் திருப்பிப் பாருங்கள்.

கடைசியில்தான் சொகுசு

மழையும் பிரேக்கும் குழாயும் சரியான பிறகு, மின்சாரத்துக்கு வரலாம். இன்று பழைய வண்டிகளில் அதிகம் செய்யப்படும் மாற்றம் லித்தியம் பேட்டரி. பழைய ஈய பேட்டரியில் பாதி மின்சாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியத்தில் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். எடையும் பாதிக்குக் குறைவு.

ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. லித்தியம் மின்சாரத்தை வேகமாக உறிஞ்சும். பழைய ஆல்டர்னேட்டர் அதற்கு ஈடுகொடுக்கப் போய்ச் சூடாகி எரிந்துவிடலாம். இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜர் தேவை. பழைய சார்ஜரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எதிர்பார்ப்பையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-மணி. கூரைக் குளிர்சாதனம் ஏறக்குறைய 1,300 வாட் இழுக்கும். அதாவது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதே பேட்டரியில் விளக்கு, மின்விசிறி, கைப்பேசி என்றால் இரவைத் தாண்டிவிடலாம். பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி போடுவதுதான் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் மாற்றம்.

எதைச் சேர்த்தாலும் எடை கூடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி நிறைந்தால் இரண்டு பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றியது போல. வண்டியில் பதித்திருக்கும் அதிகபட்ச எடையைத் தாண்டினால், புது டயரும் புது பிரேக்கும் பயன் தராது.

நிறுத்தி வைத்தால் கெடும்

பழைய மோட்டார்ஹோமுக்குச் சும்மா நிற்பதுதான் பெரிய வேலை. பேட்டரி இறங்கும், பெட்ரோல் பிசினாகும், ரப்பர் வளையங்கள் காய்ந்து போகும். மாதம் ஒருமுறை அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டி, ஜெனரேட்டரைக் குளிர்சாதனத்தோடு சேர்த்து இயக்குபவர்களின் வண்டி நீண்ட நாள் உழைக்கும். அதற்கு நேரம் இல்லாதவருக்கு, வாடகை வண்டியே லாபம். ஆண்டுக்குப் பத்து நாள் பயணத்துக்காக மீதி நாளெல்லாம் கூரையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லையே.

வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தவர்கள், கையிலிருக்கும் பணம் முழுவதையும் விற்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். டயர், பிரேக், குழாய், கூரை ஆகிய நான்குக்கும் தனியாக ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதில் விலை பேசுங்கள். தோல் இருக்கையைத் தடவிப் பார்ப்பதற்கு முன் பழுதுபார்த்த ரசீதுகளைக் கேளுங்கள். முடிந்தால், நன்றாக மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். அலமாரிக் கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வந்த வழியே திரும்பிவிடலாம்.