சேமிப்புக் கணக்கில் தேவையற்ற கட்டணங்களைத் தவிர்த்தல்

சேமிப்புக் கணக்குக் கட்டணம் என்பது வங்கி தன் சேவைக்காக வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை ஆகும். குறைந்தபட்ச இருப்பு இல்லாமை, ஏ.டி.எம். அட்டை, குறுஞ்செய்தி, அளவுக்கு மேல் பணம் எடுத்தல் ஆகியவற்றுக்காக இது பிடிக்கப்படுகிறது. ஏற்ற வகைக் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் இவற்றுள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலைத்தொடரில் உள்ள பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்களில் மலைப்பூண்டு, காப்பி, காய்கறி ஆகியவை பயிராகின்றன. அறுவடையையும் கூலி வேலையையும் ஒட்டி வருமானம் வருவதால், எல்லா மாதமும் கணக்கில் ஒரே அளவு இருப்பு நிற்பதில்லை. நூறு நாள் வேலைக் கூலி, கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, கல்லூரி மாணவியருக்கான புதுமைப்பெண் திட்ட உதவி ஆகியனவும் வங்கிக் கணக்கு வழியாகவே வருகின்றன.

மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாய் 2023 செப்டம்பரில் முதன்முறையாக வரவு வைக்கப்பட்டபோது, தமிழகத்தில் சில வங்கிகள் பழைய குறைந்தபட்ச இருப்புக் கட்டண நிலுவைக்காக அதிலிருந்து பிடித்தம் செய்தன. அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு இதைக் கண்டித்து, பாதிக்கப்பட்டோர் 1100 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என அறிவித்தார்.

குறைந்தபட்ச இருப்பு

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகள் 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும். குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்திலேயே கட்டணம் பிடிக்க வேண்டும். இக்கட்டணத்தால் மட்டும் இருப்பு சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது. கைப்பேசி எண்ணை மாற்றியவர்கள் அதை வங்கியில் பதியாவிட்டால் முன்னறிவிப்பு அவர்களை எட்டாது.

பாரத ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025-லும் சேமிப்புக் கணக்குகளுக்கு இக்கட்டணத்தைக் கைவிட்டன.

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு

2012-இல் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய இக்கணக்கில் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. ஏ.டி.எம். அட்டை இலவசம். எத்தனை முறையும் பணம் செலுத்தலாம். மாதம் நான்கு முறையாவது இலவசமாக எடுக்கலாம். 2014-இல் தொடங்கிய ஜன் தன் கணக்குகளும் இவ்வகையே.

ஏற்கெனவே உள்ள சாதாரணக் கணக்கையும் கிளையில் எழுதிக் கொடுத்து இவ்வகைக்கு மாற்றலாம். ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. நான்கு முறைக்கு மேல் எடுத்தால் கட்டணம் உண்டா என்பதை முன்பே கேட்டறிவது நல்லது.

ஏ.டி.எம். பயன்பாடு

சாதாரணச் சேமிப்புக் கணக்கில், சொந்த வங்கி ஏ.டி.எம்.மில் மாதம் ஐந்து முறை இலவசம். பிற வங்கி ஏ.டி.எம்.களில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மூன்று முறையும், கொடைக்கானல் போன்ற பிற இடங்களில் ஐந்து முறையும் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை, வரி தனியாக, வங்கி பிடிக்கலாம் (2025 மே 1 முதல்). இருப்பு பார்ப்பதும் இந்த எண்ணிக்கையில் சேரும். மலை ஊரிலிருந்து பேருந்தில் வந்து 200, 300 என்று பலமுறை எடுப்பதைவிட, தேவையானதை ஒரே முறையில் எடுப்பது சிக்கனமானது. எந்திரக் கோளாறாலோ அதில் பணம் இல்லாததாலோ தடைபட்ட முயற்சி கணக்கில் சேராது.

இயங்காக் கணக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் பயன்படுத்தாத கணக்கு இயங்காக் கணக்கு ஆகிறது. இதற்குக் குறைந்தபட்ச இருப்புக் கட்டணமோ, மீண்டும் இயக்கக் கட்டணமோ பிடிக்கக் கூடாது.

புகார்

தவறான பிடித்தம் குறித்து முதலில் கிளையில் எழுத்து மூலம் புகார் அளித்து, ஒப்புகை பெற வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லையெனில், அல்லது பதில் நிறைவளிக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழிமுறைகளை அறிய 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.