தைராய்டு சந்தேகமா? ஓர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

தைராய்டு விஷயத்தில் நம் ஊரில் இரண்டு தவறுகள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஓயாத அசதி, முடி கொட்டுதல், மாதவிலக்குக் கோளாறு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, "வீட்டு வேலை அதிகம், டென்ஷன், வயசும் ஆகுதில்ல" என்று பதில் சொல்லி, ஒரு சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். அதே தெருவில் எந்தத் தொந்தரவும் இல்லாத இன்னொருவர், தள்ளுபடியில் செய்துகொண்ட ஃபுல் பாடி செக்கப்பில் டி.எஸ்.எச். 5.8 என்று வந்ததைப் பார்த்துப் பயந்து மாத்திரை தொடங்குகிறார். ஏன், எதற்கு என்று கேட்காமலே பல வருடம் விழுங்குகிறார். முதலாமவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டாமவரை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இது ஏதோ நாலு பேருக்கு வரும் நோயும் அல்ல. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு, ரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை அது தெரியாது. ஆண்களைவிடப் பெண்களை இது அதிகம் தாக்குகிறது.

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு மந்தமானால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக அனுப்பும், டி.எஸ்.எச். ஏறும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் டி.எஸ்.எச். இறங்கிவிடும். ஆகவே ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராய்டு குறைவு என்று பொருள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சாப்பாட்டையும் மருந்தையும் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலான லேப்கள் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. அந்த எல்லை எல்லோருக்கும் ஒன்றல்ல. எழுபதைத் தாண்டியவருக்கு 6 வரை போவது வயதின் இயல்பாகவே இருக்கலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அளவு தானாகவே இறங்கும். அப்போது வேறு எல்லை. ஒரே மனிதருக்கே இரவிலும் விடியற்காலையிலும் கூடும், பிற்பகலில் குறையும். காய்ச்சலோ தொற்றோ வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த சில வாரங்களுக்கு இந்த எண்ணை நம்பவே முடியாது.

டி.எஸ்.எச். 10க்குக் கீழே லேசாக ஏறியிருந்து, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 சரியாக இருந்தால், உடனே ஆயுள் மாத்திரைக்குப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, முடிந்தால் அதே லேபில், காலை நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கணிசமானவர்களுக்கு அது தானாகவே இறங்கிவிடுகிறது. இறங்கவில்லை என்றால் ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிரணுப் பரிசோதனை உதவும். உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று அது காட்டும். எதிரணு இருந்தால் பிற்பாடு குறைபாடு முற்றும் வாய்ப்பு அதிகம்; தொடர்ந்து கவனிக்க வேண்டும். திரும்பப் பார்த்தும் 10ஐத் தாண்டியிருந்தால் மருந்து தொடங்குவதே வழக்கம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணும் கர்ப்பிணியும் மட்டும் இப்படிக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

அழகுக்கென்று விற்கும் ஒரு மாத்திரை இந்தப் பரிசோதனையையே ஏமாற்றிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. முடி, நகம் வளர என்று 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் அளவில் பயோட்டின் விற்கிறார்கள். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையானது சுமார் 30 மைக்ரோகிராம்தான். அதிகப்படியான பயோட்டின் ரத்தத்தில் இருந்தால், பல லேப் கருவிகளில் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். இல்லாத மிகைச் சுரப்பு நோய் காகிதத்தில் வந்து உட்கார்ந்துவிடும்; இருக்கும் குறைபாடு மறைந்துபோகவும் கூடும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுபவரே முடி கொட்டுவதற்காகத் தைராய்டும் பார்ப்பார் என்பதால், இது அபூர்வமான விபத்து அல்ல. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், அன்றைய மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுப்பது நல்லது.

டி.எஸ்.எச். இயல்பாக இருந்தும் நோய் இருக்கக்கூடிய ஒரு நிலை உண்டு. பிரசவத்தில் கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டால் பிட்யூட்டரியே சேதமடையலாம். ஷீஹான் சிண்ட்ரோம் என்பது அதன் பெயர். பால் சுரக்காமல் போகும், மாதவிலக்கு திரும்பாது, உடம்பு தேறாது. உத்தரவு போடும் சுரப்பியே பழுதானதால் டி.எஸ்.எச். ஏறாது; டி4 மட்டும் குறைந்திருக்கும். டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்த்தவர் "நார்மல்" என்று சொல்லிவிடுவார். அந்தப் பெண் பல ஆண்டுகள் அப்படியே துவண்டு கிடப்பார். பிட்யூட்டரி பழுதால் இவருக்கு உடம்பின் ஸ்டீராய்டும் குறைந்திருக்கலாம்; அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். பிரசவத்தில் ரத்தம் ஏற்றிய கதை உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ இருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

மிகைச் சுரப்பின் அடையாளங்கள் வேறு மாதிரி: நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது, படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. இதையும் 'பதற்றம்' என்று தள்ளிவிடுவது வழக்கம். கண்டுகொள்ளாமல் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு வலுவிழக்கும். இதற்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அரிதாகச் சிலருக்கு இந்த மருந்தே வெள்ளை அணுக்களை அழித்துவிடும். இந்த எச்சரிக்கையை மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

கழுத்தில் கட்டி தெரிந்தால் ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. எல்லா எண்களும் சரியாக இருக்கும்போதே கட்டி புற்றாக இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி.யும் செய்ய வேண்டும். குரல் கம்மினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் தள்ளிப்போடாதீர்கள்.

பிறந்த குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே தைராய்டு குறைவாக இருக்கும் குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அது மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தவறவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும், பிறகு எந்த மருந்தாலும் முழுமையாக மீட்க முடியாது. பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இது தெரிந்துவிடும். டிஸ்சார்ஜ் செய்யும் முன் "தைராய்டு பார்த்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேட்டு, முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டியோ சித்தியோ யாராவது ஒருவர் கேட்டால் போதும்.

குறைபாட்டுக்கான லெவோதைராக்சின் மாத்திரை விலை குறைந்தது, சரியான அளவில் பாதுகாப்பானது, கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் நிறுத்தக் கூடாதது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி, டீ எதுவும் குடிக்காமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. எழுந்தவுடன் காபி குடிக்கும் நம் பழக்கத்தால்தான் பலருக்கு டோஸ் ஏறிக்கொண்டே போகிறது என்பது என் எண்ணம். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். பத்தே நாளில் பார்த்துப் பயனில்லை. எப்போது, எந்த எண்ணுக்காக மாத்திரை தொடங்கியது என்றே தெரியாமல் சாப்பிடுபவர்கள் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, இது இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தாமாக நிறுத்தக் கூடாது.

சமையலறையில் ஒரே ஒரு மாற்றம் போதும்: தைராய்டு சுரக்கத் தேவையான அயோடின் கலந்த உப்பு. தூத்துக்குடியில் உப்பு விளைந்தும் தமிழ்நாட்டில் அயோடின் உப்பு பயன்பாடு பின்தங்கியே இருக்கிறது, காரணம் கல்லுப்புப் பழக்கம். கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது; பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். இந்துப்பு இதற்கு ஈடாகாது. அதற்காகக் கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று போனால் அதிக அயோடினே தைராய்டைக் கெடுக்கும்.

'மாத்திரையே வேண்டாம், 90 நாளில் தைராய்டு குணம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தோடு காலத்தையும் இழப்பீர்கள். 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில், தைராய்டு வீங்கும் கழலை நோயும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்வது குற்றம். விளம்பரத்தின் படத்தோடு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் அனுப்பலாம்.

தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. நோய் என்ன, மருந்து எதற்கு என்று புரியும் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை, வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமை, எந்த லேபில் பரிசோதிப்பது, எந்தக் கடையில் மருந்து வாங்குவது என்பதை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாம் அதில் உள்ளன. "எங்கள் லேபில்தான் எடுக்கணும்" என்று கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்காமல் எழுதிக் கேட்டு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் லேப் என்றால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் இல்லை என்பதற்காகப் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதைப் பார்க்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 104 எண்ணில் கேட்கலாம்.

சிகிச்சையில் கவனக்குறைவு நடந்திருந்தால் வழி உண்டு. மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், தனியார் மருத்துவமனை அல்லது லேப் பற்றி மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் முறையிடலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். எங்கே முறையிட்டாலும் ரசீது இருக்கிறதா என்ற கேள்வி வரும். ஆகவே சீட்டு, லேப் ரிப்போர்ட், பில் மூன்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். லேபில் பெயரும் வயதும் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன்பே பார்த்துவிடுங்கள்.